தெரிந்த பாடத்தில் போன 125 மார்க்

2021 செப்டம்பர் 12ஆம் தேதி முதல் தடவையாக நீட் எழுதினேன். தேர்வு மையத்துக்கு வெளியே காத்திருந்த அம்மாவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "பயாலஜி மட்டும் நல்லா பண்ணிருக்கேன்". உயிரியலில் எனக்கு வந்தது 360க்கு 171. இயற்பியல் காலை வாரும் என்று முன்பே தெரியும், அதற்காக நான் அழவில்லை. உயிரியலுக்குத்தான் அழுதேன்.

விடைக்குறிப்பும் நான் விடைகளைக் குறித்த ஓஎம்ஆர் தாளின் நகலும் வந்ததும் பெரியப்பா மகன் லேப்டாப்பில் இரண்டையும் திறந்து வைத்து ஒவ்வொரு தப்பையும் ஒரு தாளில் எழுதினேன். உயிரியலில் 84 கேள்விகளுக்கு விடை கொடுத்திருந்தேன். 51 சரி, 33 தப்பு. அண்ணன்தான் சொன்னான், எல்லாத் தப்பும் ஒரே தப்பு இல்லை, பிரித்துப் பார் என்று. படிக்கவே படிக்காத இடத்திலிருந்து வந்தவை 8. படித்தும் இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறியவை 14. கேள்வியையே தப்பாக வாசித்தவை 11. ஒரு தப்புக்கு நமக்குப் போவது 5 மார்க்: கிடைத்திருக்க வேண்டிய 4, அதோடு மைனஸ் 1. தெரிந்த பாடத்திலேயே 25 தப்பு என்றால் 125 மார்க். அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், இன்னொரு வருஷம் படிக்கலாம் என்ற தைரியம் வந்தது. புதிதாகப் படிக்க வேண்டியது கொஞ்சம்தான். படித்ததைச் சரியாகப் படிக்க வேண்டியதுதான் நிறைய.

என் ஊர் தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம் பக்கம். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பிளஸ் டூ முழுவதும் கொரோனாவிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் போயிற்று. எங்கள் செட்டுக்குப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை நம்பித்தான் வீட்டில் இன்னொரு வருஷத்துக்குச் சரி என்றார்கள். அம்மா பீடி சுற்றுவாள். அப்பா கட்டட வேலை.

முதலில் எந்தப் புத்தகம் என்ற குழப்பம். எங்கள் பாடநூலில் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு புத்தகம். சில இடங்களில் அது மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடநூலைவிட ஆழமாகவே போகும். ஆனால் நீட் கேள்வி எடுப்பவர் உட்கார்ந்திருப்பது என்சிஇஆர்டி வரிகளின் மேல். அந்தப் புத்தகம் தமிழில் இல்லை. அதனால் நான் செய்தது இதுதான்: ஒரு பாடத்தை முதலில் தமிழ்ப் பாடநூலில் படித்துப் புரிந்துகொள்வேன். அப்புறம் அதே பாடத்தை என்சிஇஆர்டியில், டிக்ஷனரி வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு பக்கம். முதல் இரண்டு வாரம் நாலு பக்கத்துக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது வாரம் இரண்டு மணி நேரம். அறிவியல் ஆங்கிலத்தில் சுற்றிச் சுற்றி அதே சொற்கள்தான் வரும் என்பது அதற்குள் புரிந்துவிட்டது.

கூடவே ஒரு ரெட்டைச்சொல் நோட்டு. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலச் சொல். நொதி என்றால் என்சைம், குன்றல் பகுப்பு என்றால் மியாசிஸ், பசுங்கணிகம் என்றால் குளோரோபிளாஸ்ட், படியெடுத்தல் என்றால் டிரான்ஸ்கிரிப்ஷன், இரட்டிப்பாதல் என்றால் ரெப்ளிகேஷன். கடைசி இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி வாசித்துத்தான் முதல் வருஷம் இரண்டு கேள்வியை விட்டிருந்தேன். தமிழில் தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கேள்வித்தாளில் இரண்டு மொழியும் இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் இறுதி என்று தாளிலேயே விதி இருக்கிறது. 2018ல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கேள்வியைத் தமிழில் வாசிப்பேன், கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் ஒரு கண் பார்த்துக்கொள்வேன். இரண்டையும் முழுசாக வாசித்தால் நேரம் போய்விடும்.

உயிர்வேதியியல் பகுதிதான் எனக்குப் பேயாக இருந்தது. உயிர் மூலக்கூறுகள், நொதிகள், சுவாசித்தல், ஒளிச்சேர்க்கை எல்லாம் எனக்கு ஒரே மூட்டை. வேதியியல் பிடிக்காத பிள்ளைகள் இந்தப் பாடங்களை அம்புக்குறிப் படமாக மனப்பாடம் செய்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். படத்தில் ஒரு அம்பைத் தலைகீழாகக் கேட்டால் போச்சு.

செல் குளுக்கோஸிலிருந்து ஆற்றல் எடுக்கும் வழியில் வரும் கிரப்ஸ் சுழற்சியை இரண்டாம் வருஷம் புளியங்கொட்டையில் படித்தேன். ஒரு கொட்டை ஒரு கார்பன். குளுக்கோஸ் 6 கொட்டை. அதை மூன்று மூன்றாகப் பிரித்தால் இரண்டு பைருவிக் அமிலம். இது வரைக்கும் நடப்பது சைட்டோபிளாசத்தில், அதனால் வாசலுக்கு வெளியே வைத்தேன். ஒரு பைருவிக் அமிலம் நிலைப்படி தாண்டி மைட்டோகாண்டிரியாவுக்குள் வரும்போது ஒரு கொட்டை கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். மிச்சம் 2, அதுதான் அசிட்டைல் கோஏ. உள்ளே ஏற்கெனவே 4 கொட்டையோடு ஆக்சலோ அசிட்டிக் அமிலம் காத்திருக்கிறது. 4ம் 2ம் 6, சிட்ரிக் அமிலம். அதிலிருந்து ஒன்று போனால் 5, இன்னொன்று போனால் 4. அந்த 4 உருமாறி உருமாறி மறுபடியும் ஆக்சலோ அசிட்டிக் அமிலம்.

கையால் நகர்த்தும்போது படத்தில் கண்ணுக்குப் படாத ஒன்று தெரிந்தது. பைருவிக் அமிலம் உள்ளே வருவதிலிருந்து பார்த்தால், கொட்டை வெளியே போகிற மூன்று இடத்திலும், ஆற்றலைச் சுமந்து போகும் மூலக்கூறான என்ஏடிஎச் ஒன்று உண்டாகிறது. கொட்டை எதுவும் போகாமல் உண்டாகிற என்ஏடிஎச் ஒன்றே ஒன்றுதான், கடைசியில் மாலிக் அமிலம் ஆக்சலோ அசிட்டிக் அமிலமாக மாறும் இடத்தில். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு நோபல் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு "எந்தப் படியில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாது" என்ற ரகக் கேள்வி ஒன்றைக்கூட விட்டதில்லை.

நொதித் தடுப்பான்களைப் புரிந்துகொண்டது பஸ்ஸில். ஆலங்குளத்தில் திருநெல்வேலி பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள் இல்லையா, போட்டித் தடுப்பான் அந்தத் துண்டுதான். தளப்பொருள் என்பது நொதி வேலை செய்ய வேண்டிய பொருள். வடிவத்தில் அதைப் போலவே இருப்பதால் தடுப்பான் நொதியின் சீட்டில் உட்கார்ந்துவிடும். சக்சினிக் டிஹைட்ரஜனேஸ் நொதிக்குச் சக்சினேட் வர வேண்டிய இடத்தில் மேலோனேட் வந்து உட்காருவது புத்தக உதாரணம். ஆனால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஏறினால் துண்டை எடுத்துத் தூர வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதனால்தான் தளப்பொருளை அதிகமாக்கினால் போட்டித் தடுப்பு செல்லாது: உச்ச வேகமான விமேக்ஸ் மாறாது, அதன் பாதி வேகத்தை எட்டத் தேவைப்படும் தளப்பொருளின் அளவான கேஎம் மட்டும் கூடும். போட்டியில்லாத் தடுப்பு என்பது சீட்டையே உடைத்துப் போடுவது. எத்தனை பேர் ஏறினாலும் உடைந்த சீட் உடைந்ததுதான். அங்கே விமேக்ஸ் குறையும்.

என்சிஇஆர்டியில் ஒரு பத்தி இருக்கிறது. உயிருள்ள திசுவை டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் அரைத்துத் துணியில் வடிகட்டுவது. தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரிதான். வடிந்து வருவதில் சின்ன மூலக்கூறுகள், துணியில் நிற்பதில் புரதம், நியூக்ளிக் அமிலம், பாலிசாக்கரைடு மாதிரிப் பெரியவை. கொழுப்பின் மூலக்கூறு எடை 800 டால்டனைத் தாண்டாது, அது பாலிமரும் இல்லை, ஆனாலும் துணியில் நிற்கிறது. ஏன்? அரைக்கும்போது செல் சவ்வுகள் உடைந்து சின்னச் சின்னக் கொப்புளங்களாகச் சேர்ந்துவிடும், அவை நீரில் கரையாது. கூட்டத்தோடு நின்றதற்காகப் போலீஸ் பிடித்த ஆள் மாதிரி. இந்தக் காரணம் தெரியாமல் நான் முதல் வருஷம் "பெரிய மூலக்கூறுகள் நான்கு: புரதம், நியூக்ளிக் அமிலம், மாவுப்பொருள், கொழுப்பு" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அயோடின் சோதனையையும் செய்து பார்த்தேன். வீட்டில் காயத்துக்கு வைத்திருந்த பெட்டாடினில் ஒரு சொட்டை வடிகஞ்சியில் விட்டால் கருநீலம். ஸ்டார்ச்சின் சுருள் அமைப்புக்குள் அயோடின் போய் உட்காருவதால் அந்த நிறம். செல்லுலோஸில் அந்தச் சுருள் கிடையாது, நிறமும் வரக்கூடாது. பருத்தி என்றால் செல்லுலோஸ்தானே என்று புதுத் துண்டு ஒன்றில் ஒரு சொட்டு விட்டேன். அதுவும் நீலமாகிவிட்டது. என்சிஇஆர்டியே தப்பு என்று பத்து நிமிஷம் குதித்தேன். அம்மா பீடித் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏட்டி, புதுத் துண்டுக்குக் கஞ்சி போட்டுல்லா விப்பான்" என்றாள். பழைய வேட்டிக் கிழிசலில் விட்டுப் பார்த்தேன். வெறும் பழுப்புக் கறைதான். துண்டு வீணானதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

இரண்டாம் நிலை வளர்சிதைப் பொருள் என்று ஒரு அட்டவணை வரும். நிறையப் பேர் அதைச் சுருக்கெழுத்து வைத்து மனப்பாடம் செய்வார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை. ரிசின் என்பது ஆமணக்கு விதையின் நஞ்சு. அப்ரின் குன்றிமணியின் நஞ்சு. வின்பிளாஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வரும் மருந்து. குர்குமின் மஞ்சளில் இருப்பது. நாலும் எங்கள் தெருவை விட்டு வெளியே போகாமல் பார்க்கக் கிடைக்கிறவை. உள்ளூர்ப் பெயரைப் பக்கத்தில் எழுதி வைத்த நாளிலிருந்து அந்த அட்டவணையை நான் திரும்பப் படிக்கவில்லை. விலங்குலகப் பாகுபாட்டில் இந்த வித்தை பலிக்காது. கடலுக்கடியில் கிடக்கும் உயிரிகளுக்கு ஆலங்குளத்தில் எங்கே போவது? அவற்றை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன்.

இப்போது தப்பாக வாசித்த அந்த 11 கேள்விகள். அவற்றை எழுதிப் பார்த்தபோது ஆறில் "தவறானது எது", "பொருந்தாதது எது" என்று இருந்தது. நான் நாலு விடைகளில் முதலில் கண்ணில் பட்ட சரியான வாக்கியத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டுக் குறித்திருக்கிறேன். பாடம் நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வியாதி வரும். இதற்கு நான் கண்ட மருந்து, கேள்வியின் கடைசிச் சொல்லைப் பேனாவால் வட்டமிடுவது. தமிழில் வினா கடைசியில்தானே நிற்கிறது. அப்புறம் நாலு விடைக்கும் பக்கத்தில் ச, த என்று சின்னதாகக் குறித்துவிட்டு, மூன்று ச ஒரு த வந்தால் மட்டுமே ஓஎம்ஆரைத் தொடுவது. இரண்டு த வந்தால் எனக்கு ஏதோ ஒன்று சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம், அந்தக் கேள்வியைத் தள்ளி வைப்பேன். பொருத்துக கேள்விகளில் நாலையும் பொருத்த உட்காராதீர்கள். உறுதியாகத் தெரிந்த ஒரு ஜோடியை வைத்து விடைகளை அடித்தால் பெரும்பாலும் இரண்டுதான் மிஞ்சும்.

தடுமாறிய அந்த 14க்குக் காரணம் வேறு. புத்தகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. அதை உடைத்தது அம்மாதான். சாயங்காலம் அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். ஒரு நாள், "நீ புத்தகத்தைப் பாத்துல்லா சொல்லுத, மூடிட்டுச் சொல்லு பாப்போம்" என்றாள். மூடினேன். சிறுநீரகத்தின் நெஃப்ரானில் பாதி தூரம் போய் நின்றுவிட்டேன். அம்மா எட்டாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு தினமும் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் வாசிப்பாள், நான் சொல்ல வேண்டும். நான் எங்கே இழுத்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். "இப்ப ஒரு 'வந்து' போட்டே, அங்க உனக்குத் தெரியல" என்பாள். எந்தக் கோச்சிங்கிலும் இவ்வளவு துல்லியமான சோதனை கிடையாது. நான் "வந்து" போட்ட இடங்களுக்கு ஒரு தனிப் பக்கமே நோட்டில் இருந்தது.

நிகோடின் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி அட்ரினலினையும் நார் அட்ரினலினையும் ரத்தத்தில் விடச் செய்யும் என்ற வரியை ஒப்பித்தபோது மட்டும், தட்டில் இருந்த புகையிலைத் தூளைப் பார்த்துக்கொண்டு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அம்மா அடுத்த தலைப்பை வாசித்தாள்.

கோச்சிங் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டிசம்பரில் ஒரு சென்டரில் இரண்டு மாசம் போனேன். வாரத்துக்கு மூன்று தேர்வு. மார்க்கைப் பலகையில் ஒட்டுவார்கள், அடுத்த நாள் அடுத்த பாடம். விடைத்தாளிலேயே தப்பு இருக்கும், கேட்டால் "புத்தகத்தைப் பார்த்துக்கோ" என்பார்கள். அங்கே கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்காருவது. பிப்ரவரியில் நின்றுவிட்டேன். வீட்டில் வாரம் ஒரே ஒரு முழுத் தேர்வு, அதை அலச அடுத்த இரண்டு நாள். ஒவ்வொரு தப்புக்கும் பழைய மூன்று பெட்டிகளில் ஒன்று: தெரியாது, தடுமாற்றம், வாசிப்பு. மே மாசக் கடைசியில் வாசிப்புப் பெட்டி ஏறக்குறைய காலியாகிவிட்டது. தெரியாது பெட்டி கடைசி வரை காலியாகவில்லை, அது யாருக்கும் ஆகாது என்று நினைக்கிறேன்.

மரபியல் கணக்குகளை வாசித்துப் பயனில்லை, போட்டுப் பார்க்க வேண்டும். சூழலியலைக் கடைசியில் படிக்கலாம் என்று தள்ளாதீர்கள், குறைந்த உழைப்பில் மார்க் தரும் பகுதி அது. படங்களுக்குக் கீழே உள்ள வரிகளையும் பாடம் மாதிரியே படியுங்கள்.

2022 ஜூலை 17, இரண்டாம் தடவை. அந்த வருஷம் 200 நிமிஷம். தாளில் இயற்பியல்தான் முதலில் இருக்கும். நான் 101ஆம் கேள்வியிலிருந்து, அதாவது தாவரவியலிலிருந்து தொடங்கினேன். இதில் ஒரு ஆபத்து உண்டு. பதற்றத்தில் ஓஎம்ஆரில் 1ஆம் எண்ணில் குறித்துவிடுவோம். அதனால் ஒரு பக்கம் முடிந்ததும்தான் குறிப்பது, முதல் எண்ணை விரலை வைத்து இரண்டு தடவை பார்ப்பது என்று பழகியிருந்தேன். உயிரியலுக்கு 55 நிமிஷம். 88 கேள்விக்கு விடை கொடுத்ததில் 76 சரி, 12 தப்பு, 292 மார்க். மொத்தம் 407. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து எவ்வளவு என்று கழித்துப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள். மொத்த மார்க் சமமாக வந்தால் முதலில் பார்ப்பது உயிரியல் மார்க்கைத்தான் என்பதும் இங்கே நினைவில் இருக்கட்டும். 7.5 ஒதுக்கீட்டில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

இப்போது எழுதுகிறவர்களுக்கு நிலவரம் மாறியிருக்கிறது. 2024ல் பாடத்திட்டம் குறைந்தது. கனிம ஊட்டம், செரித்தல் மாதிரிப் பாடங்கள் போய்விட்டன. 2025ல் விருப்பக் கேள்விகள் எடுக்கப்பட்டு, 180 கேள்வி, 180 நிமிஷம் என்று ஆகிவிட்டது. எங்கள் காலத்தில் தெரியாத ஐந்தைத் தள்ளிவிட்டு வேறு ஐந்தை எடுக்கலாம். இப்போது அது முடியாது. உயிரியலின் 90ஐயும் 45, 50 நிமிஷத்தில் முடித்தால்தான் இயற்பியலுக்கு மூச்சு விட இடம் இருக்கும்.

என் ரெட்டைச்சொல் நோட்டு இப்போது சித்தி மகளிடம் இருக்கிறது. போன வாரம் போன் செய்தாள். "அக்கா, ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபின்னு நோட்டுல எழுதியிருக்கே. யூடியூப்ல ஒரு சார் 30 இல்லைன்னா 32ங்கிறாரு. எது சரி?" ஏடிபி என்பது செல் செலவழிக்கும் ஆற்றல் காசு. கல்லூரியில் முதல் வருஷ உயிர்வேதியியலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது 30, 32தான். ஒரு என்ஏடிஎச்சுக்கு மூன்று ஏடிபி என்ற பழைய கணக்கு இப்போது இரண்டரையாகிவிட்டது. அதை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, "என்சிஇஆர்டியில என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"38."

"அப்ப 38. மீதியை காலேஜுக்கு வந்து சண்டை போட்டுக்கோ."